பக்கத்துத் தோட்டத்தில் புதைந்து கிடந்த குச்சிகள்

1.

இடுப்பு வலிக்கிறது. உட்கார்ந்தால் வலது பக்கம், நின்றால் இரண்டு பக்கமும். அதனால் கொஞ்சம் அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றும், கொஞ்சம் உட்கார்ந்தும் இதை எழுதுகிறேன். ஏதாவது ஒரு வாக்கியம் பாதியில் நின்றால் அது உத்தி இல்லை, நான் எழுந்துவிட்டேன் என்று அர்த்தம்.

இந்தக் கதை கூரியர் வண்டியில் வந்தது. வடக்கே ஒரு நாற்றுப் பண்ணைக்கு ஃபோன் செய்து ராஸ்பெர்ரிக் கன்றுகள் வரவழைத்தேன். கன்று என்றால் இலையோ மண்ணோ இருக்காது. சுள்ளி மாதிரி ஒரு குச்சி, அடியில் ஈரமாகக் கொஞ்சம் வேர், அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு ராஸ்பெர்ரி விளையும் எங்கள் ஆரில்யே மலையில் இதைக் காசு கொடுத்து வாங்குவது, ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு தண்ணீர் லாரிக்குச் சொல்லி அனுப்புவது மாதிரி. இங்கே கன்று வேண்டுமென்றால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போவோம். வேண்டிய மட்டும் தோண்டிக்கொள்ளச் சொல்வார்கள். அதை மறுப்பது, போட்ட சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவைப்பதற்குச் சமம்.

2.

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"நவம்பர் மழை ஓய்ந்த காலையில் அந்த மலைச்சரிவு" — அடித்துவிட்டேன். மழை ஓயவில்லை. மலைச்சரிவை நான் ரசித்ததும் இல்லை. பழப்பெட்டி சுமந்து ஏறியிருக்கிறேன்.

"ராடோய்கா தன் கணவனிடம் சொல்லாமல்" — இது பொய். ராடோய்கா நான்தான். என் வீட்டுக்காரர் விட்டோமிரிடம் சொல்லித்தான் செய்தேன். பக்கத்து வீட்டு ஓப்ரென் அண்ணனிடம்தான் சொல்லவில்லை.

"எங்கள் கீழ்த்தோட்டம் செத்துப்போனது." இது நிற்கட்டும்.

வேரழுகல். மே மாதம் நுனி தொங்கும், இலை மஞ்சளாகும், தோண்டிப் பார்த்தால் வேர் உள்ளே பழுப்பாக இருக்கும். செடியைப் பிடுங்கி எரித்தாலும் நோய் மண்ணை விட்டுப் போகாது, வருஷக்கணக்கில் கிடக்கும். எங்களுக்கு மிச்சமிருப்பது மேல்தோட்டம் ஒன்றுதான். இதுவரை மக்காச்சோளம் மட்டுமே போட்ட சுத்தமான மண். அங்கேயும் அழுகல் ஏறிவிட்டால் விட்டோமிர் மறுபடி ஜெர்மனிக்குக் கட்டட வேலைக்குப் போகவேண்டியதுதான். போன தடவை போனவர் உடைந்த விரலோடு திரும்பி வந்தார்.

ஓப்ரென் அண்ணன் தன் தோட்டத்துக் கன்றுகளைத் தருவதாகத்தான் சொன்னார். ஆனால் இந்தக் கோடையில் அவருடைய கீழ் வரிசையும் மஞ்சளடித்ததை வேலிக்கு இந்தப்பக்கமிருந்து பார்த்தேன். "வெயிலு" என்றார். நானும் வெயில்தான் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பண்ணைக்கு ஃபோன் செய்தேன்.

3.

பார்சல் வந்தபோது நாங்கள் ஊரில் இல்லை. விட்டோமிரின் தங்கை வீட்டில் பன்றி வெட்டு. ஒரு வருஷத்துக் கறியைப் புகைபோடும் வேலை, விட்டுவிட்டு வரமுடியாது. வீடு பூட்டியிருந்தால் கூரியர்காரன் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான். எல்லா ஊரிலும் நடப்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் பார்சலைப் பிரிப்பது மட்டும் எங்கள் ஊரில்தான் நடக்கும்.

"வா தங்கச்சி. உன் குச்சிங்க வந்துச்சு," என்றார் ஓப்ரென் அண்ணன்.

"எங்க வெச்சிருக்கீங்கண்ணே?"

"எங்கயா? அடுப்புப் பக்கத்துல வெச்சுக் காயவிடுவேன்னு நெனச்சியா? வேரு சுருங்க ஆரம்பிச்சிருந்துச்சு. குழி வெட்டிப் பொதச்சு தண்ணியும் ஊத்திட்டேன்."

"எந்த எடத்துல?"

"எனக்கென்ன நாலு தோட்டமா கெடக்கு? கீழ் வரிசைக்குப் பக்கத்துலதான். மண்ணு அங்கதான் பொலபொலன்னு இருக்கும்."

அவர் மனைவி ஸ்தாமெங்கா கோழிக்குத் தீனி போட்டபடி சொன்னாள்: "அன்னையிலருந்து மனுஷன் மூஞ்சி சரியில்ல ராடோய்கா. 'நம்ம கன்னு ஆகாதாம், வண்டியில வர்ற கன்னுதான் ஆகுமாம்'னு எருமைகிட்ட சொல்லிட்டிருந்தாரு."

"நம்மகிட்ட எருமை ஏதுடி?" என்றார் அண்ணன்.

"அதான் சொல்றேன். என்கிட்டதான் சொன்னாரு."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கீழ் வரிசைப் பக்கம் போய்ப் பார்த்தேன். நோயில்லாத கன்று வேண்டுமென்று நாட்டின் மறுகோடியிலிருந்து வரவழைத்தது, நான் பயந்த அதே மண்ணில் கழுத்தளவு புதைந்து கிடந்தது.

4.

[இந்த ஓப்ரெனை என்ன செய்வது?]

முதலில் வேண்டுமென்றே செய்தவராக எழுதினேன். "ஓப்ரென் உதட்டைக் கடித்துக்கொண்டு மண்ணைத் தள்ளினார்." படிக்க நன்றாக இருந்தது, எனக்கும் அவர்மேல் கோபப்பட வசதியாக இருந்தது. அடுத்து ஒரு நல்லவராக எழுதினேன். அதுவும் ஒட்டவில்லை. ஈர வைக்கோலைக் காய்ந்ததென்று சொல்லி எங்களிடமே தள்ளிவிட்ட ஆள் அவர்.

நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கட்டுகளை அவிழ்த்து, குச்சிகளை ஒவ்வொன்றாகப் பரப்பி, ஒவ்வொரு வேரிலும் மண் படும்படி புதைத்திருந்தார்.* எரிச்சலில் இருப்பவன் இவ்வளவு நேர்த்தியாகச் செய்யமாட்டான். அல்லது எரிச்சல் இருந்ததால்தான்

(எழுந்துவிட்டேன்.)

* கட்டோடு புதைத்தால் நடுவில் இருக்கும் குச்சிகளுக்கு மண் எட்டாது, காய்ந்துவிடும். அவர் அப்படிச் செய்திருந்தால் பாதிக் குச்சியாவது அந்த மண் படாமல் தப்பித்திருக்கும். அக்கறைதான் எல்லாவற்றையும் தொட்டுவிட்டது.

5.

குச்சிகளைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். "கழுவி நட்டுடலாம்," என்றார் விட்டோமிர்.

"கழுவினா அழுகல் போயிடுமா?"

"அப்ப எரிச்சுடு."

"அவரு வேலியோரம் நின்னு பாப்பாரே, அவரு கண்ணு முன்னாடியா?"

நாங்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் ஓப்ரென் அண்ணன் மண்வெட்டியோடு வந்து நின்றார். நடவுக்கு இங்கே யாரையும் கூப்பிடும் வழக்கம் இல்லை. தெரிந்தால் வந்துவிடுவார்கள். நான் குச்சிகளை மேல்தோட்டத்தின் அடிமுனைக்குக் கொண்டுபோனேன்.

"ஏன் கீழருந்து ஆரம்பிக்கிற? மேலருந்து கயிறு புடிச்சாத்தான வரிசை நேரா வரும்."

"ரோட்டுப் பக்கம்ணே. சுமக்கிற வேலை மிச்சம்."

"சோம்பேறி. கத எழுதி எழுதி உனக்குக் காலு போச்சு."

காரணம் வேறு. தண்ணீர் கீழே ஓடும். குச்சியோடு அழுகல் வந்திருந்தால் அது அடிமுனையோடு நிற்கும், மேலே உள்ள மண்ணாவது பிழைக்கும். பிழைக்கும் என்று நம்புகிறேன்.

அவர் குழி வெட்ட, நான் வேரை விரித்து வைக்க, விட்டோமிர் மிதித்துக்கொண்டு வந்து குச்சியைச் சாண் உயரத்துக்கு நறுக்கிவிட்டார். பாதி வரிசையில் ஓப்ரென் அண்ணன் நிமிர்ந்து ஒரு வேரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேருதான். என்னா வெள்ளை. என்னுது இப்பல்லாம் இப்பிடி இல்ல."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "பீன்ஸ் ஆறிடும்ணே, சாப்ட வாங்க," என்றேன்.

6.

முடிவுகள்.

அ) ஏப்ரலில் எல்லாம் துளிர்க்கிறது. ஓப்ரென் அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்று, "பாத்தியா, என் மண்ணுல கெடந்த சத்து," என்கிறார். இதை எழுதத்தான் ஆசை.

ஆ) மே மாதம் நுனி தொங்குகிறது. விட்டோமிர் பரணிலிருந்து ஜெர்மனிக்குக் கொண்டுபோன பெட்டியை இறக்குகிறார்.

இ) நான் வேலியைத் தாண்டிப் போய்ச் சொல்கிறேன். "அண்ணே, உங்க கீழ் வரிசையில" — "தப்பா எடுத்துக்காதீங்க, எங்க கீழ்த்தோட்டமும் முதல்ல" — "வெயில் இல்லண்ணே அது" — மூன்றையும் முடிக்க முடியவில்லை.

எனக்கு முடிவு தெரியாது. இது நவம்பர். மண்ணுக்கு மேலே சாண் குச்சி நிற்கிறது, அடியில் நடப்பது யாருக்கும் தெரியாது. விவசாயியாக இருந்தால் நீங்கள் ஆ-வைத்தான் எடுப்பீர்கள். மற்றவர்கள் இஷ்டம்போல எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இதில் யார் பெயரையும் நான் மாற்றவில்லை. ஓப்ரென் அண்ணன் எதையும் படிப்பதில்லை, ஸ்தாமெங்கா நான் எழுதுவதை ஒன்று விடாமல் படிப்பாள். அவள் படித்து அவரிடம் சொல்லிவிட்டால் நான் சொல்லவேண்டியது மிச்சம் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடுகிறது. கோழையின் கணக்குதான். ஆனால் புத்தகம் அச்சாகி வர அடுத்த இலையுதிர் காலம் ஆகிவிடும். அவர் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

நேற்று நடவு முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று மண்வெட்டியைத் துடைத்தபடி சொன்னார்: "கூலி கீலின்னு பேசிடாத. மார்ச்ல நீ ஒரு நாள் வா. என் கன்னுங்களயே தோண்டி கீழ இன்னும் ரெண்டு வரிசை போடணும். அந்த மண்ணு சும்மாதான கெடக்கு."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓப்ரென் அண்ணனுக்கு, அந்த மண்ணில், ஒரு நாள் வேலை பாக்கி.