கோழி மருந்து

ஆஸ்பத்திரியில் கழிப்பறைக்குப் பக்கமாகவே இடம் பார்த்து உட்கார்ந்திருந்தார் சின்னப்பராஜ். காலையிலிருந்து ஆறு தடவை உள்ளே போய் வந்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் சொட்டுச் சொட்டாகத்தான். அடிவயிற்றின் எரிச்சல் தொடை வரைக்கும் இறங்கியிருந்தது. பெயரைக் கூப்பிட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

டாக்டர் சைத்ரா மூத்திரப் பரிசோதனை ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பதினான்கு மருந்துகளின் பெயர்கள். பன்னிரண்டுக்கு எதிரே 'ஆர்' என்ற ஒரே எழுத்து.

"இந்தப் பன்னெண்டுக்கும் உங்க கிருமி அசையாதுங்க. புராஸ்டேட்டுனு ஒரு சுரப்பி, அதுக்குள்ள பூந்துட்டு உக்காந்திருக்கு. வருசத்துல இது நாலாவது தடவை. போன தடவையெல்லாம் மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டீங்க?"

"காச்சல் உடற வரைக்குமுங்க. ரண்டு நாளு, மூணு நாளு."

"வேற ஏதாச்சும்?"

சின்னப்பராஜ் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"கோழி மருந்துங்க," என்றார். "பண்ணையில தண்ணில கலக்கறது. ஒரு மூடி ஊத்திக் குடிச்சா மறுநாளு எரிச்சல் கொறையுமுங்க. மனுசனுக்கும் கோழிக்கும் ஒரே மருந்துதான்னு சூப்பர்வைசர் சொன்னாருங்க."

சைத்ரா எழுதுவதை நிறுத்தினார். "ஒரே வகைதானுங்க. அதனாலதான் இப்ப எதுவும் கேக்கறதில்ல. இனி ஊசிதான். பத்து நாளு இங்கயே படுக்கோணும். இன்னிக்கே சேந்துருங்க. ரத்தத்துல ஏறிட்டா உசுருக்கே ஆபத்து."

சின்னப்பராஜ் வராந்தாவுக்கு வந்து சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். சூலூர் தாண்டி இருந்த அந்தப் பண்ணையில் ஆறாயிரம் கோழிகளை அவரும் மனைவி டெய்சியும்தான் பார்த்துக்கொண்டார்கள். ஷெட்டின் ஓரத்து ஒற்றை அறைதான் வீடு. வேலை போனால் அறையும் போய்விடும்.

"பத்து நாளுங்களா?" சூப்பர்வைசர் சசிதரின் குரலில் கோபமே இல்லை. "தாராளமா இருங்க, உடம்புதானுங்க முக்கியம். ஆனா கோழிக்கு இன்னிக்கு முப்பத்தோரு நாளு. அடுத்த வாரம் கோழி ஏத்த லாரி வருது. அது யாருக்கும் நிக்காதுங்களே. அஸ்ஸாம்காரக் குடும்பம் ஒண்ணு கேட்டுட்டே இருக்குது, அவங்கள வெச்சுக்கறேன். டெய்சி அக்காவ ரூம மட்டும் காலி பண்ணச் சொல்லிருங்க."

சின்னப்பராஜ் மறுபடி டாக்டரிடம் போகவில்லை. சூலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்; உட்கார முடியவில்லை.

"லாரி போகட்டும். அப்பறம் போய்ப் படுத்துக்கறேன்," என்றார் டெய்சியிடம்.

அவள் தீவனக் கூடையைத் தரையில் வைத்தாள். "லாரி வர்ற தேதியக் கிருமிகிட்டயும் சொல்லிப்போட்டு வந்தீங்களா?"

அவர் கூடையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனார்.

மூன்றாம் நாள் காலையில் நாற்பது கோழிகள் செத்துக் கிடந்தன. ஒரு மணி நேரத்தில் சசிதரோடு பண்ணைக் கம்பெனியின் கால்நடை டாக்டர் கோவிந்தராஜுலு காரில் வந்து இறங்கினார். ஒரு கோழியை அறுத்துப் பார்த்தார். அதன் கால்களை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப்பராஜுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

"மருந்த மாத்தோணும் சசி. அஞ்சு நாளு விடாம. அது உடம்புல இருந்து எறங்க இன்னும் அஞ்சு நாளு. பத்து நாளைக்கு லாரி வேண்டாம்."

"பத்து நாள்தானுங்களே சார்," என்றார் சசிதர். "ஒரு போன் போட்டாப் போச்சு." பிறகு திரும்பினார். "சின்னப்பராஜு, ஒரு வேளை தப்பக் கூடாதுங்க. ஷெட்ட உட்டு நகராதீங்க. காத்து வேற சில்லுனு அடிக்குது, கோழிக்கு ஆகாது. பக்கவாட்டுப் படுதாவ எறக்கி உடுங்க."

சின்னப்பராஜ் கயிற்றைப் பிடித்தார். குளிர்காய்ச்சலில் பற்கள் அடித்துக்கொண்டன. டெய்சி ஓடி வந்து மறுமுனையைப் பிடித்தாள். உள்ளே கோழிகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. படுதா மெல்ல இறங்கித் தரையைத் தொட்டு, காற்றை அடைத்தது. அவர்கள் இருவரும் அதற்கு வெளியே நின்றார்கள்.