பேசணுமாம்

கல்முனை பஸாரில் முத்தலிப் முதலாளிக்கு மொத்த வெங்காயக் கடை. தூத்துக்குடியில் அவருக்கொரு சினேகிதர், இசக்கிமுத்து அண்ணாச்சி. வெங்காயம் பிடித்து இலங்கைக்குக் கப்பலேற்றி அனுப்புவது அண்ணாச்சியின் தொழில். இருபது வருடப் பழக்கம், ஆனால் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. விடிய சுபஹுத் தொழுதுவிட்டு முத்தலிப் கடை திறந்ததும் அண்ணாச்சியின் போன் கோல் வரும். விலை கதைக்க ஒரு நிமிடம் போதும். பிறகு அண்ணாச்சியின் சீனி வியாதி, முத்தலிபின் முழங்கால், மகள் பஸ்லியாவின் பிள்ளை என்று அரைமணி நேரம் ஓடும். கல்முனையில் யாரும் முத்தலிபைப் 'பாய்' என்று கூப்பிடுவதில்லை. அண்ணாச்சி கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும்.

இப்படி இருக்கையில்தான் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. அவர்களுக்குத் தேர்தல் வருகிறது, உள்ளூரில் விலை ஏறக்கூடாதாம். பெரிய நாடுகள் கதவைச் சாத்தும்போது யாருடைய விரல் நசுங்கியது என்று பார்ப்பதில்லை.

"கொஞ்சம் பொறுங்க பாய், தெறந்துருவாங்க. வேற பக்கம் போயிராதிய," என்றார் அண்ணாச்சி.

"நான் எங்க போற அண்ணாச்சி? ஒங்களத் தவிர எனக்கு ஆரத் தெரியும்?"

சொன்ன சொல்லுக்கு முத்தலிபும் பொறுத்துத்தான் பார்த்தார். வெறுங்கடையில் எத்தனை நாள் இருப்பது? கடைசியில் கொழும்புத் தரகர் ஒருவரைப் பிடித்துப் பாகிஸ்தான் வெங்காயம் எடுத்தார். இந்தியா தடையை நீக்கியபோதும் ஏற்றுமதி வரியைப் போட்டு வைத்ததால், பாகிஸ்தான் காய்தான் கட்டுப்படியானது. அந்த இரண்டு நாடும் இருக்கிற இருப்பில் இதை அண்ணாச்சியிடம் எந்த முகத்தோடு சொல்வது? இரண்டாம் கல்யாணம் முடித்தவர் போல ஒளித்துத் திரிந்தார். அண்ணாச்சியின் கோலை எடுப்பதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் பகல் சோற்றுக்கு வந்தவரிடம் மனைவி மைமூனா சொன்னார்:

"இஞ்சாருங்க, அந்த இந்தியா அண்ணாச்சி என்ட போனுக்கு எடுத்தார். ஒங்கக்கிட்டப் பேசணுமாம். கட்டாயம் பேசணுமாம் எண்டு ரெண்டு தரம் சொன்னார்."

நம் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. மற்றதைக் கதைப்பது என்போம். இந்தியாவில் கதைப்பதைத்தான் பேசுவது என்கிறார்கள் என்று முத்தலிபுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மைமூனாவின் வாயால் கேட்டபோது, மனதில் கிடந்த கள்ளம் அதைக் கல்முனைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டது.

"பேசட்டும். நான் செஞ்ச வேலைக்குப் பேசாம என்ன செய்வார்?"

"ஒருக்கா எடுத்துக் கதைங்களேன். சொகமில்லாத ஆள்ர கொரல் மாதிரி இரிந்திச்சி."

"பொறகு பாப்பம்."

அன்றும் மறுநாளும் கோல் வந்தது. முத்தலிப் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு வரவில்லை. மனிசனுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நிம்மதிகூடப் பட்டார், பாவி.

இந்தியா வரியை எடுத்துவிட்ட செய்தி கிடைத்ததும் அவரே கோல் எடுத்தார். இரண்டு ஏச்சு வாங்கிக்கொண்டு பழையபடி சேர்ந்துவிடலாம் என்று எண்ணம். எடுத்தது அண்ணாச்சியின் மகன்.

"அப்பா தவறிட்டாங்க பாய். ரெண்டு மாசமாச்சு."

"யா அல்லாஹ்!" முத்தலிப் வெங்காய மூட்டையில் அப்படியே இருந்துவிட்டார். "தம்பி, அவருக்கு என்னோட கோவமா? நான் பாகிஸ்தான் காய் எடுத்த..."

"கோவமா? அது அப்பாவுக்கு அப்பவே தெரியும் பாய். எங்க வாங்குனா என்ன, கடைய மூடாம இருந்தாச் சரின்னாங்க. ஆஸ்பத்திரியில கெடக்கும்போது ஒங்க கொரல ஒருவாட்டி கேக்கணும்னுதான் போன் போட்டாங்க. நீங்க எடுக்கல. 'கடையில கூட்டமா இருக்கும், பாய்க்கு நல்ல யாவாரம் போல, தொந்தரவு பண்ணாதல'ன்னு சந்தோசமாச் சொன்னாங்க."

அந்த இரண்டு நாளும் கடையில் ஈ காக்கை இருக்கவில்லை. முத்தலிப் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம் தம்பி," என்றார். "அண்டைக்குக் கடையில நல்ல சனம்."