இரண்டாவது பிரேக்

1

இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு வாக்கியமாகத்தான் கிடைத்தது. மழைக்கு ஒதுங்கிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ‘பயிற்சி வண்டி’ என்று பலகை மாட்டிய பேருந்து ஒன்று குலுங்கி நின்றது. ஓட்டுநர் இருக்கையில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். பக்கத்து இருக்கையில் சீருடை போட்ட ஒருவர். அவள் தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்:

“வீட்டுக்கு வாங்க மாஸ்டர், பேசிக்கறேன்.”

வண்டி போய்விட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “வானம் கறுத்திருந்த அந்த மாலையில் அவள் விழிகளில்—”

(வேண்டாம். ஓட்டுகிறவளின் விழிகளில் தெரு மட்டும் இருந்தால் போதும்.)

பிறகு: “வாழ்க்கை என்பது ஒரு நீண்ட சாலை—”

(எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.)

மூன்றாவதுதான் நிலைத்தது: “வங்கி மேலாளர் வேலையை விட்டுவிட்டுப் பேருந்து ஓட்டக் கற்க வந்தவளுக்கு, டிப்போவில் மாஸ்டராக வாய்த்தவர் அவளைக் கட்டிய கணவரே.”*

* வேறு மாஸ்டரே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார். ‘பேங்க் மேடம்’ வருகிறாள் என்றதும் நழுவிவிட்டார். தவிர, அவரிடம் அனுப்பினால் எனக்குக் கதை இல்லை.

3

இவளை முதலில் எனக்கே நம்ப முடியவில்லை. குளிர்சாதன அறையையும் சுழல் நாற்காலியையும் விட்டு யாராவது வருவார்களா? எழுதுவதை நிறுத்திவிட்டு, அவளையே கேட்டுப் பார்த்தேன்.

அவள் சொன்ன பதில் இது. வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம் பேருந்தில் அவள் உட்கார்ந்தது ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த முதல் இருக்கை. பாலத்து வளைவில் வண்டி திரும்பும்போது, மடியில் கிடக்கும் அவள் கைகளும் சேர்ந்து திரும்பும். ஒருநாள் மேலிடத்தில் கூப்பிட்டு, “அடுத்த மண்டல மேலாளர் நீங்கதான்” என்றார்கள். நன்றி சொன்னாள். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. அன்று மாலை பாலம் வந்தது. கைகள் திரும்பின.

உடனே தூக்கி எறிந்துவிட்டு வந்தாள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மகள் படிப்பு முடியும் வரை காத்திருந்தாள். தன் நாற்காலிக்கு ஒருத்தியைத் தயார் செய்தாள். கனரக உரிமத்துக்கு விடுமுறை நாட்களில் பழகினாள். “ஆசைப்பட்டா மட்டும் போதுமா? ஆசைக்கு ஒரு வழித்தடம் போட வேண்டாமா?” என்பது அவள் பேச்சு.

4

பயிற்சி வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், மற்றது மாஸ்டர் காலடியில். இரண்டாவது பிரேக்கைத் தொடாமலே பாதி டிப்போவை ஓட்டுநர்களாக்கியவர் என்று நம் மாஸ்டருக்குப் பேர். மனைவி ஓட்ட உட்கார்ந்ததும் அந்தப் பேர் காற்றில் பறந்தது. சைக்கிளைக் கண்டால் பிரேக். நாயைக் கண்டால் பிரேக். குலுங்குகிற குலுக்கலில் பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்சிக்காரர்கள், “மாஸ்டர், வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்கக் கூடாதா?” என்று சிரித்தார்கள்.

நான் கேட்ட அந்த வாக்கியத்தை அவள் சொன்னது அன்றுதான். வீட்டுக்கு வந்ததும் பேசிக்கொண்டார்கள்.

“அந்த சைக்கிளை நான் முன்னாடியே பாத்துட்டேங்க.”

“நீ பாத்துட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“மத்தவங்க பாத்தது மட்டும் எப்படித் தெரியுது?”

மாஸ்டர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “வேற யாராவதா இருந்தா போட்டிருக்க மாட்டேன்மா.”

“அப்ப என்னையும் வேற பொண்ணுன்னு நினைச்சுக்கோங்க.”

“கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இதுக்கு அனுமதியா?”

“ஓட்டற நேரத்துக்கு மட்டும்!”

கூடத்திலிருந்து மகள் குரல்: “அப்பா, நான் காலேஜ் டூர் கேட்டப்பவும் இதே பிரேக்தான்.”

மனைவி சிரிக்கவில்லை. டிப்போவின் இறுதித் தேர்வில் கற்றுக்கொடுத்த மாஸ்டரே பக்கத்தில் உட்கார்வார். தேர்வாளர் பின்னால் இருப்பார். மாஸ்டர் பிரேக்கைத் தொட்டால் தேர்வு அத்தோடு முடிந்தது. அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இது ஒன்றே வாய்ப்பு.

“பேங்க்ல புதுசா வர்ற பசங்ககிட்ட கஸ்டமர் வந்து கத்துவாங்க” என்றாள் மெதுவாக. “நான் ஓடிப் போயி சமாளிக்க மாட்டேன். பக்கத்துல நின்னு தண்ணி குடிப்பேன். நிதானமா, மடக் மடக்னு. நான் இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியும். வர மாட்டேன்னும் தெரியும். தலைக்கு மேல போனாத்தான் டம்ளரைக் கீழ வைப்பேன்.”

“எத்தனை தடவை வச்சிருக்கே?”

“அவங்க முகத்தைப் பாக்கக் கத்துக்கிட்ட பிறகு, ரொம்பக் குறைச்சல். நீங்க தெருவையே பாக்கறீங்க. என்னைப் பாருங்க.”

(வசனத்தை இங்கே நிறுத்துகிறேன். என் பழைய கதைகளில் இந்த இடத்தில் அவர் அவள் கையைப் பிடித்திருப்பார். இந்த மனிதர் எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைத்தார்.)

5

தேர்வு நாள். பின் இருக்கையில் தேர்வாளர் அம்மாள்; முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. வண்டி பாலத்து வளைவைக் கடந்தது. அவள் கைகள் திரும்பின. இந்த முறை பேருந்தும் சேர்ந்து திரும்பியது. கடைத்தெரு. இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு வேன் பின்பக்கமாகவே வெளியே வருகிறது.

முடிவு ஒன்று: மாஸ்டர் மிதிக்கிறார். வண்டி குலுங்குகிறது. அவளுடைய கால் அதற்கு முன்பே பிரேக்கில் இருந்தது. (அன்பு கெடுத்த காரியம். அழுவதற்கு ஏற்றது. இதை நான் பலமுறை எழுதியாயிற்று.)

முடிவு இரண்டு: மாஸ்டர் மிதிக்கவில்லை, அவள் பூப்போல நிறுத்துகிறாள். தேர்வாளர் அம்மாளே புன்னகைக்கி— (கொஞ்சம் பொறுங்கள்.)

எந்த முடிவானாலும் அதில் மிதிப்பது நான்தான். என் ஆட்களுக்கு அடிபடக் கூடாது என்று ஒவ்வொரு கடைசி அத்தியாயத்திலும் காலைத் தயாராக வைத்திருக்கிறவள் நான். இவளுக்கு அது வேண்டாம். தன் வழித்தடத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்தவள்.

6

ஆகவே எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். வேனின் பின்விளக்குகள் சிவக்கின்றன. மாஸ்டரின் வலது கால் தரையிலிருந்து எழுகிறது. அதே நொடியில், இத்தனை நாளில் முதல்முறையாக, அவர் தெருவை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறார். அங்கே என்ன கண்டாரோ, அவர் கை இருக்கைக்குப் பக்கத்தில் துழாவி, தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகுகிறது.

காலோ இன்னும் அந்தரத்தில்.

நான் எழுந்துகொள்கிறேன். அந்த இருக்கையில் இனி நீங்கள் உட்காருங்கள். காலடியில் ஒன்று தட்டுப்படும், அது பிரேக்தான். மிதிப்பதும் விடுவதும் உங்கள் பாடு. ஒன்றே ஒன்று சொல்வேன்: தெருவைப் பார்க்காதீர்கள், அவளைப் பாருங்கள்.