மணிக்கட்டு

மாப்பிள்ளையின் வலது கையில் நாலு விரலை பிரஸ் மெஷின் நறுக்கிப்போட்டு ஒன்பது நாளாகிறது. என் தங்கையின் புருஷன். கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை, உற்பத்தி குறைகிறதென்று நிர்வாகம்தான் அணைத்து வைத்திருந்தது. கேட்டால் அவன் கவனக்குறைவாம். வேலையை விட்டும் தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து வேலைநிறுத்தம். அடியாட்கள் வந்து எங்களில் இரண்டு பேர் மண்டையை உடைத்தார்கள். நாங்கள் மட்டும் கை கட்டி நின்றோமா? அவர்களில் ஒருவனுக்குத் தாடை பெயர்ந்தது.

நான் சங்கச் செயலாளர். பேச்சுவார்த்தை என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கைதான் பிடித்து உலுக்கினாள். "அண்ணே, உன் வீராப்பையெல்லாம் மூட்டை கட்டி வை. விரல் இல்லாதவரை வேற எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? இங்கயே ஒரு வேலை வாங்கிக் குடு."

மேனேஜர் வந்து ஒரு மாதம். மெஷின் ஓடுகிற ஷெட்டுக்குள் காலே வைக்காதவர். ஆனால் ஆள் நேர்மை, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பேச உட்கார்ந்ததும் நான் மேசையைக் குத்தியதில் கிளாஸ் உடைந்தது. துண்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு "அடுத்தது சொல்லுங்க" என்றார். ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. சென்சார் திரும்ப ஓடும். மணிக்கு இத்தனை உருப்படி என்கிற கணக்கு குறையும். மாப்பிள்ளைக்கு ஸ்டோர் ரூமில் நிரந்தர வேலை. கடைசியாக ஒன்று: இனி எந்தப் பக்கத்து ஆள் கை நீட்டினாலும் அவன் வேலை போகும். அடியாட்களை மனதில் வைத்து அதைக் கறாராக எழுதச் சொன்னதே நான்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு மாடிப்படிக்கு வந்தோம். கீழே முந்நூறு பேர், கையில் கம்பி. முன்னால் மாப்பிள்ளை, கட்டுப்போட்ட கையோடு. போட்ட கூச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேனேஜர் சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து, ஜெயித்தவன் கையைத் தூக்குகிற மாதிரி உயரத் தூக்கினார்.

ஷெட்டின் இரைச்சலில் எங்களுக்கு எல்லாம் சைகைதான். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினால் ஒரே அர்த்தம்: கை மாட்டிக்கொண்டது. பார்த்தவன் யோசிக்கமாட்டான். கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி, மாட்டியதை உடைத்துக் கையை எடுப்பான். பழகிப்போன உடம்பு.

கூச்சல் சட்டென்று நின்றது. மொத்தப் பேரும் படியேறினார்கள். நான் மேனேஜரை மறைத்து நின்றேன். என்னை இழுத்து ஓரமாகத் தள்ளினார்கள், காப்பாற்றுகிறார்களாம். முதல் அடி ஒரு இடது கையிலிருந்து வந்தது. மாப்பிள்ளை. கம்பி மேனேஜரின் முழங்கையில் இறங்கியது, பிறகு தோளில், பிறகு வாயில். எலும்பு முறிகிற சத்தம் எங்களுக்குப் புதிதில்லை. "தெரியாம தூக்கிட்டாருடா, விடுங்கடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்கிற காது ஒன்றுகூட இல்லை. அவர் அசையாமல் போன பிறகுதான் விட்டார்கள்.

மாப்பிள்ளை சட்டையெல்லாம் ரத்தத்தோடு வந்து என் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தான்.

"வலிக்குதா மச்சான்? முறிச்சிட்டானா?"

அவனை அறையலாம் போலிருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. என் பையில் நீட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தத்தை அவன் பார்த்துவிட்டான்.

"எனக்கு வேலை இருக்கா மச்சான்?"

"இருந்துச்சு மாப்ள" என்றேன்.