பிரேக்கில் இருந்த கால்

வண்டி மோதியவர்களின் பொய்களைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துப் பிரிவு. ‘நான் சரியான நேரத்தில் பிரேக் போட்டேன், ஆனால்’ என்று தொடங்காத விளக்கம் எதுவும் இதுவரை என் மேசைக்கு வந்ததில்லை. அந்த ஆனாலுக்குப் பிறகு மழை வரும், நாய் வரும், எதிரே குடித்துவிட்டு ஒருவன் வருவான், சில சமயம் மரமே நடந்து வரும். தப்புச் செய்தவன் மட்டும் வரமாட்டான். மனிதர்களோடு எனக்குப் பேச்சு குறைந்துபோனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

என் தங்கைக்கு ஒரு வரன் வந்திருந்தது. மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு முறை பார்த்துப் பேசியதில் அவளுக்கு ஓரளவு பிடித்திருந்தது. ஆனால் ஏற்கெனவே ஒருவனை நம்பி ஏமாந்தவள், தன் கண்ணை மட்டும் நம்பத் தயாராக இல்லை. ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினாள்.

“நீ ஒண்ணும் விளக்க வேண்டாம்ணா. ‘ம்’னு சொன்னா சரி. பேசாம இருந்தா வேண்டாம்னு புரிஞ்சுக்கறேன். பேசாம இருக்கறதுல உன்னை யாரு அடிச்சுக்க முடியும்?”

மாப்பிள்ளை குளியலறை டைல்ஸ் விற்கும் கடை வைத்திருக்கிறவன். என்னைக் கவர அவன் தேர்ந்தெடுத்த இடம், ஸ்போர்ட்ஸ் கார்களை வேகமாக ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளி. விபத்துப் பிரிவில் வேலை பார்ப்பவனை வேகத்தைக் காட்டி மயக்கிவிடலாம் என்று நினைப்பதற்கு ஒரு தனி மூளை வேண்டும்.

“வாங்க மச்சான்!” என்று வாசலிலேயே என் தோளில் கை போட்டான். பெண் இன்னும் சரி சொல்லவில்லை, அதற்குள் மச்சான். விரல் நுனிகள் இல்லாத தோல் கையுறை மாட்டியிருந்தான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் பட்டப்பகலில் கையுறை போட்டிருந்தான். அவன் மேலிருந்து வந்த சென்ட் வாசனைக்கு, பக்கத்தில் வரிசையாக நின்ற கார்களின் பெட்ரோல் வாசனையே பின்வாங்கியது.

வகுப்பறையில் பத்துப் பேர் போல இருந்தோம். ஒரு பல் டாக்டர், தன் மூக்குக்கும் ஜன்னல் வழியே தெரிந்த சிவப்புக் காருக்கும் மாறிமாறி போகஸ் வைத்துத் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டட கான்ட்ராக்டர், தொப்பைக்கு மேல் ஹெல்மெட்டைத் தாங்கி வைத்து, இப்போதே பந்தயம் ஜெயித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வீட்டில் குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும், இன்று ஒரு நாள் வீரர்கள்.

பயிற்சியாளர் ஒல்லியானவர். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். பலகையில் ஒரு வளைவை வரைந்தார்.

“ஆக்சிலேட்டரை மிதிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பிரேக்கை மிதிக்கத்தான் இங்க சொல்லித்தரோம். வளைவுக்கு முன்னால தரையில வச்சிருக்கற மஞ்சள் கோன் வந்ததும் முழு பலத்தோட மிதிங்க. பெடல் காலுக்குக் கீழ கடகடன்னு உதறும். உதறத்தான் செய்யும். பயந்து காலை எடுத்துட்டீங்கன்னா புல்லுக்குள்ள போயிடுவீங்க.”

“புல்லுல மாடு மேயுமா சார்?” என்றான் டைல்ஸ்காரன். எல்லாரும் சிரித்தார்கள். நான் என் மௌனத்தைத் தயார் செய்துகொண்டேன். சாயங்காலம் தங்கையிடம் கொடுக்க அதுவே போதும்.

அவன்தான் முதலில் ஓட்டினான். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர். நாங்கள் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். கார் அலறிக்கொண்டு வந்து, மஞ்சள் கோனைத் தாண்டியதும் மூக்கைத் தரையில் அழுத்தி, கோடு போட்டது போல வளைவில் திரும்பிப் போனது. கான்ட்ராக்டர் விசிலடித்தார். நான் சலித்துப்போனேன். இனி ஆயுள் முழுக்க இந்த வளைவைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும், தங்கை சரி என்று சொன்னால்.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். ஹெல்மெட்டுக்கு அடியில் தலைக்குப் போடும் வலைத்துணி ஒரு காதில் தொங்கியது. முகம் வெளிறியிருந்தது.

“கை தட்டாதீங்க, நான் இல்ல! அவருதான் மிதிச்சாரு,” என்றான். “உதறினதும் நான் காலை எடுத்துட்டேன். கண்ணையும் மூடிட்டேன். அவரு பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கு. அவரு முழங்கால் மடங்கி நின்னதைப் பார்த்தேன்.”

“கண்ணை மூடினவருக்கு முழங்கால் எப்படித் தெரிஞ்சுது?” என்றார் கான்ட்ராக்டர்.

“திறந்ததும் அதாங்க முதல்ல தெரிஞ்சுது. சாமி மாதிரி இருந்துச்சு அந்த முழங்கால்!”

பயிற்சியாளருக்குச் சங்கடமாகிவிட்டது. “தேவைப்பட்டா மட்டும்தான்...” என்று இழுத்தார். இதை அவர் வழக்கமாக வெளியே சொல்வதில்லை என்று தெரிந்தது. எல்லாருடைய வீரத்திலும் அவர் கால் இருந்திருக்கும்.

கோழைத்தனத்தைக்கூடக் கூவி விற்கிறானே என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குமேல் இகழ என்னால் முடியவில்லை. அவன் விளக்கத்தில் மழை வரவில்லை. நாய் வரவில்லை. அந்த இடத்தைத் தாண்டி என் மனம் நகர மறுத்தது.

என் முறை வந்தது. அந்தக் காருக்குள் உட்காருவது, இருக்கை நம்மை உடுத்திக்கொள்வது போல. நம் பின்புறம் சாலையில் உரசுகிறதோ என்று தோன்றும். பயிற்சியாளரின் காலுக்கு வேலை வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எத்தனை விபத்துகளைப் படித்தவன் நான். மஞ்சள் கோன் வந்தது. மிதித்தேன். பெடல் உதறியது. அடியில் எலும்பு ஒன்று உடைந்து நொறுங்குவது போன்ற உதறல். உதறும் என்று தெரியும், சொல்லியிருந்தார்கள், ஆனாலும் என் கால் என்னைக் கேட்காமல் மேலே வந்துவிட்டது.

கார் வேகம் இழந்தது. பெல்ட் நெஞ்சை அறுத்தது. நான் கண்ணை மூடவில்லை. அதனால் அந்த முழங்காலைத் தெளிவாகப் பார்த்தேன்.

கொண்டுவந்து நிறுத்தியதும், பயிற்சியாளர் கதவைத் திறந்தபடி, எல்லாருக்கும் கேட்கும்படி, “நல்லா பண்ணீங்க சார்,” என்றார். அது அவர் தொழில்.

டைல்ஸ்காரன் ஓடி வந்தான். “பிரமாதம் மச்சான்! உங்களுக்கும் அவரு மிதிச்சாரா?”

“இல்ல. நான் சரியான நேரத்துல பிரேக் போட்டேன். ரோடுதான் கொஞ்சம் வழுக்குச்சு, ஆனா...”

வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பயிற்சியாளர் தலைமேலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அந்த முட்டாளோ அப்படியே நம்பினான். கான்ட்ராக்டரிடம் போய், “எங்க மச்சான் தானாவே நிறுத்தினாரு, பார்த்தீங்கல்ல!” என்று பெருமையடித்தான்.

வீட்டுக்கு வந்தபோது தங்கை துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குப் பேச வாய் வரவில்லை. சட்டைக் காலர் ஒன்றை முடித்து மடித்து வைத்தவள், இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள்.

“சரி, புரிஞ்சுது. வேண்டாம்னு சொல்லிடறேன்.” அவள் குரலில் எதுவும் இல்லை. போனை எடுத்துவிட்டாள்.

“ம்,” என்றேன்.

“என்ன ம்?”

“சரிங்கறேன்.”

“உனக்குப் பிடிச்சிருக்கா?”

“பிடிக்கல. ஓயாம பேசறான். சென்டுலயே குளிச்சுட்டு வரான். பார்க்கறவனையெல்லாம் உறவாக்கிடறான்.” கொஞ்சம் நிறுத்தினேன். “பயந்துபோய்க் கண்ணை மூடிட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னான். யாரும் அவனைக் கேக்கல. அவனா சொன்னான்.”

அவள் போனைக் கீழே வைத்தாள். வெகுநேரம் மேசையில் கிடந்த சட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

“அதை என்கிட்டயும் சொன்னாரு. கொஞ்சம் முன்னாடிதான் பேசினாரு. தன்னைப் பத்தி அவ்வளவுதான் சொன்னாரு, மீதியெல்லாம் உன் புராணம். நீதான் அப்படி நிறுத்தினியாமே, யார் உதவியும் இல்லாம?”

நான் பேசாமல் இருந்தேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை மறுபடி போட்டுவிட்டு, அடுத்த சட்டையை உதறினாள்.

“புரிஞ்சுதுண்ணா,” என்றாள்.