கொற்கைக்குக் கடல் வந்த வெள்ளிக்கிழமை

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்காலுக்குக் கொற்கைக்குக் கடல் திரும்பி வந்தது, ஒன்பதரைக்குப் போய்விட்டது. பல நூறு ஆண்டுகளாகக் கிழக்கே விலகிக் கிடந்த கடல் அது. அலையோ இரைச்சலோ இல்லாமல், தொட்டி நிரம்புவது போல வயல்களின் மேல் ஏறி ஒரு பனை உயரத்தில் நின்றது. அதற்குள் அகப்பட்டவர்கள் வழக்கம்போல மூச்சு விட்டார்கள். மெயின்ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் இருந்த டீக்கடையில் அடுப்பு அணையவில்லை. வாழைகளுக்கு உப்பு ஏறவில்லை என்று பிறகு வந்து பார்த்த வேளாண்மை அலுவலர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பேச்சு மட்டும்தான் எடுபடவில்லை. வாயைத் திறந்தால் சொல்லுக்குப் பதிலாக ஒரு குமிழி கிளம்பி மேலே போனது.

அந்த நேரத்தில் உமாராணியும் நேசக்குமாரும் வாய்க்கால் கரையில் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தார்கள். உமாராணிக்கு ஐம்பத்தாறு வயது. ஏரல் பஜாரில் பாத்திரக்கடை நடத்துகிறாள். கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரே மகன் வேல்ராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். முழங்கால் தேய்மானத்துக்கு மேடு பள்ளம் இல்லாத தரையில் நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததால், தினமும் காலையில் முதல் மினிபஸ்ஸில் கொற்கை விலக்கில் வந்து இறங்குவாள். நேசக்குமார் நாசரேத்துக்காரர், ஓய்வுபெற்ற சர்வேயர், அவரும் மனைவியை இழந்தவர். தாலுகா முழுக்கத் தான் அளந்ததில் இந்தக் கரையைப் போல மட்டமான தரை வேறு இல்லை என்று சொல்லி, இரண்டு வருடமாக ஸ்கூட்டரில் இங்கே வந்து நடக்கிறார். தரை மட்டமாக இருப்பதற்காக யாரும் அவ்வளவு தூரம் ஸ்கூட்டர் ஓட்டமாட்டார்கள் என்பது உமாராணிக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை. இருவருக்கும் நடுவே எப்போதும் ஓர் ஆள் நடக்கும் இடம் இருந்தது. எதிரே வரும் ஆடுகள் அதன் வழியாகப் போகும்.

குடைமேல் மழைச் சத்தம் நின்றதால்தான் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைக்கு வெகு மேலே, நீர்ப்பரப்பில், மழைத்துளிகள் வட்டம் வட்டமாக விரிந்துகொண்டிருந்தன. சாளைமீன் கூட்டம் ஒன்று மின்கம்பிக்குக் கீழே திரும்பிப் போனது. வாழை இலைகள் ஒரே பக்கமாக மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தன. உமாராணிக்கு முழங்காலில் வலி இல்லை. உடம்பின் பாரத்தை யாரோ பாதி வாங்கிக்கொண்டது போலிருந்தது. குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். இவ்வளவு நிம்மதியாக எப்போது நடந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

தான் சொல்வது அவளுக்குக் கேட்காது என்று தெரிந்ததும் நேசக்குமாருக்குத் தைரியம் வந்தது. இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றதை முன்னே பார்த்தபடி சொன்னார். குமிழி தேங்காய் அளவுக்குக் கிளம்பியது. உமாராணி நின்று, அது மேலே போய் உடையும்வரை பார்த்தாள். இவ்வளவு பெரிய குமிழிக்குள் மழையைப் பற்றிய பேச்சு இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

குமிழிகள் மேலே உடையும்போது உள்ளே இருந்த சொல் வெளியே கேட்டது. இது ஊரில் ஒருவனுக்குத்தான் தெரியவந்தது. தண்ணீர்த்தொட்டி ஆப்பரேட்டர் மாசானம் குளோரின் போட வாய்க்கால் ஓரத்து மேல்நிலைத் தொட்டியில் ஏறியிருந்தான். கடல் வந்ததும் இறங்காமல், காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். டீ கேட்டவர்களின் குரல், பிள்ளையைத் திட்டிய குரல் எல்லாம் உடைந்த பிறகு, சர்வேயரின் குரல் அவன் காலடியில் உடைந்தது.

ஒன்பதரைக்குக் கடல் வடிந்தது. உமாராணி விரித்த குடைமேல் மழை பழையபடி விழுந்தது. இருவரும் விலக்குக்கு வந்து சேர்ந்தபோது, மாசானம் முந்தி வந்து சொல்லியிருந்ததால், டீக்கடையில் எட்டுப்பேர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்கள்.

"யக்கா, ஸார் கேட்டதுக்கு என்ன பதில் சொன்னிய?" என்றான் மாசானம்.

"என்ன கேட்டாவ?"

"அத நான் சொன்னா நல்லாவா இருக்கும்? அவியளே சொல்லட்டும்."

நேசக்குமார் குடையை மடக்கினார். நனைந்தபடி, எட்டுப்பேர் முன்னால், இந்தமுறை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இனி உள்ள காலத்துக்கு நாம ரெண்டுபேரும் ஒரே வீட்ல இருப்பமான்னு கேட்டேன்."

உமாராணி அவர் நெற்றியில் வழிந்த தண்ணீரைப் பார்த்தாள். "கடைய விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன் பாத்துக்கிடுங்க" என்றாள்.

"நான்தான் ஏரலுக்கு வாரேன். ஞாயித்துக்கிழம மட்டும் சர்ச்சுக்குப் போகணும்."

"போங்க. செவ்வா வெள்ளி நான் அம்மன் கோயிலுக்குப் போவேன். மொதல்ல குடைய விரிங்க, சளி பிடிக்கப்போவுது."

அதைச் சம்மதம் என்று எட்டுப்பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

சேதி அன்றே திருப்பூருக்குப் போனது. மறுநாள் வேல்ராஜ் வந்து கடை வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். "இந்த வயசுல இது என்னம்மா? ஊரு சிரிக்காதா?" என்றான்.

"ஊரு நேத்தே சிரிச்சிட்டு. இன்னைக்கு அதது வேலையப் பாக்கப் போயிட்டு" என்றாள் உமாராணி. "நீ சாப்பிட்டியா?"

அவன் சாப்பிடவில்லை. அவள் பழக்கத்தில் ஒற்றை இலை போட்டுவிட்டு, பிறகு இன்னொன்று எடுத்ததை அவன் கவனித்தான். அப்பா போன பிறகு அவள் தனியாகச் சாப்பிட்ட சாப்பாடு எத்தனை என்று அப்போதுதான் நினைத்தான். இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தான். மூன்றாம் நாள் பஸ் ஏறும்போது, எந்தத் தேதி என்று முன்கூட்டிச் சொன்னால்தான் லீவு கேட்க முடியும் என்றான்.

தை மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. மாசானம் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அடுத்த ஐப்பசியில் கடல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கடுத்த வருடம் இரண்டுமுறை. அந்த நாட்களில் ஏரல் மினிபஸ் இருபது நிமிடம் தாமதமாக வரும். ஏறுகிறவர்கள் கண்டக்டரிடம் காரணம் கேட்பதில்லை. சன்னலோர இருக்கையில் செதில் ஒட்டியிருந்தால் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள்.