பிரேக்கில் ஒரு கால்

வாக்கிடாக்கியில் அவள் புருஷன் "விடு" என்றான்.

வேறு நாளாக இருந்தால் அவள் யோசித்திருக்கவே மாட்டாள். அஸ்திவாரக் குழிக்குள் நின்று அவன் "தூக்கு" என்றால் பளு தூக்கும் விஞ்சை ஓட்டி ஏற்றுவாள். "விடு" என்றால் பிரேக்கை மிதித்த காலைத் தளர்த்தித் தூணுக்கான கம்பிக் கூண்டை இறக்குவாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் பேச்சுக்கு அவள் மறுபேச்சு பேசாத இடம் இந்த விஞ்சுக் கேபின் மட்டும்தான் என்று சைட்டில் எல்லாரும் கேலி பண்ணுவார்கள். வீட்டு நடப்பு தலைகீழ்.

இன்றைக்குக் கூண்டு ஆடிச் சரிந்து, அவனைக் குழிச் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டது. அலறல் கேட்டதும் அவள் பதறிப்போய்ச் சற்றுத் தூக்கினாள். இடுப்பு தப்பியது. முழங்காலுக்குக் கீழே கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டது. "இதுக்கு மேல தூக்கினா கால் பிஞ்சிரும், இறக்கினா ஆள் நசுங்கிருவான், அப்படியே நிறுத்து தங்கச்சி!" என்று மேஸ்திரி ஓடி வந்து சொல்லிவிட்டுத் திரும்பக் குழிக்குள் இறங்கிவிட்டார். கூட வேலை பார்த்த பசங்க கட்டரை வைத்துக் கம்பியை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்து என்று சொல்வது சுலபம். விஞ்சைப் பூட்டி வைக்கும் இரும்புப் பல் உடைந்து கிடந்தது. போன வாரமே சொல்லியாயிற்று. "ரிப்பேர் ஆள் வந்துட்டே இருக்கான், இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிடும்மா" என்று இன்ஜினியர் தினமும் அதையே சொன்னார். வந்துகொண்டே இருந்த அந்த மகராசன் எந்த லோகத்திலிருந்து கிளம்பினானோ தெரியாது. கேபினுக்கு நேர் எதிரே 'பாதுகாப்பே முதலில்' என்று ஆளுயரப் போர்டு. அதை மட்டும் முதலில் மாட்டிவிட்டார்கள், பொய் சொல்லக் கூடாது. மற்றதெல்லாம் மெதுவாக வந்துகொண்டிருந்தது. அவளும்தான் ஓட்டினாள். மாட்டேன் என்றால் நாளைக்கு வேறொருத்தர் இந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பார்.

ஆக, அத்தனை எடையும் இப்போது அவள் வலது காலில் நின்றது.

"விடு... விடு..."

மண் குவியல் மறைத்ததில் குழி தெரியவில்லை. அவன் சட்டையில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியின் பட்டன் எதிலோ அழுந்திச் சிக்கிக்கொண்டிருந்தது. அவன் முனகுவதெல்லாம் இவளுக்குக் கேட்டது. இவள் பேச்சு அங்கே போகவில்லை. "ஏங்க, யாரைச் சொல்றீங்க? என்னையா?" என்று பைத்தியம் மாதிரி அதற்குள் கத்திப் பார்த்தாள்.

ஒருவேளை கூண்டு சாய்ந்து அவன் கழுத்தை நெரிக்கிறதோ? இறக்கினால்தான் மூச்சு விட முடியுமோ? இல்லை, வலி தாங்காமல் பசங்களைச் சொல்கிறானா? மேஸ்திரியிடம் என்றால் 'விடுங்க' என்பான். பசங்களிடம் என்றால் 'விடுங்கடா'. வெறும் 'விடு' அவளுக்கு மட்டும்தான். ஆனால் இந்த இன்ஜின் இரைச்சலில் சொல்லின் வால் காதில் விழவா செய்யும்?

கால் நடுங்க ஆரம்பித்தது. தளர்த்தினாலும் அவனைக் கொன்றுவிடுவாள், தளர்த்தாவிட்டாலும் கொன்றுவிடுவாள் என்று தோன்றியது. வாழ்க்கையில் அவள் இப்படிப் பயந்ததில்லை.

இன்ஜினை அணைத்தால் தெளிவாகக் கேட்கும். அணைத்தபின் கால் வழுக்கினால் மறுபடி தூக்க வழியில்லை, கூண்டு நேரே அவன் மேல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அணைத்தாள்.

"...என்னைய விடுங்கடா. பிரேக் நிக்காது. அவளால எவ்வளவு நேரம்தான் மிதிக்க முடியும்? நீங்களாவது ஏறிப் போங்கடா..."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்ஜின் நின்றுவிட்டதால் வாக்கிடாக்கியே தேவைப்படவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"நான் மிதிச்சிருக்கேன்! எவனும் அவர விடக் கூடாது! அவர் பேச்சக் கேக்காதீங்க!"

கட்டர் மறுபடி கிறீச்சிட்டது. தொடை கல்லாய் இறுகியது. இரண்டு கைகளாலும் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. பிறகு "வந்துட்டான், வந்துட்டான்" என்று சத்தம். இதற்குள் வந்து தயாராய் நின்ற ஆம்புலன்ஸுக்கு அவனை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மண் அப்பிய அவன் கை காற்றில் யாரையோ துழாவியது. இறங்கி ஓட உடம்பு துடித்தது. ஆனால் குழிக்குள் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எப்படிக் காலை எடுப்பாள்? அங்கே நிற்பதும் யாரோ ஒருத்தியின் புருஷன்தானே?

"எல்லாரும் ஏறியாச்சு, எடு தங்கச்சி!" என்று தூரத்திலிருந்து மேஸ்திரியின் குரல்.

"நம்ப மாட்டேண்ணே! ஒருத்தர் விடாம என் கண்ணு முன்னாடி வந்து நில்லுங்க! அப்பத்தான் எடுப்பேன்!"

வந்தார்கள். சேறும் ரத்தமுமாய் ஒவ்வொருவராகக் கேபின் முன்னால் வந்து நின்றார்கள். மேஸ்திரி கடைசியாக வந்தார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து உறுதி செய்துகொண்டு காலை எடுத்தாள். கூண்டு குழிக்குள் விழுந்ததில் தரையே அதிர்ந்தது. ஒருவன் "அம்மா" என்று குந்திவிட்டான்.

கூட்டத்துக்குள் நுழைந்து இன்ஜினியர் கைகூப்பினார். "தெய்வம்மா நீ. அத்தனை பேரையும் காப்பாத்திட்ட."

அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கேபினிலிருந்து இறங்கும்போது வலது கால் மரத்து மடங்கியது. ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உயிர் இருக்கில்ல?"

"இருக்கு. உன்னத்தான் கேட்டுட்டே இருந்தான்" என்றார் மேஸ்திரி.

"எந்த ஆஸ்பத்திரி? கூட யாரு போயிருக்கா?"

அவள் மறுபடி முகங்களைப் பார்த்தாள். அத்தனை பேரும் இங்கேதான் இருந்தார்கள்.

"நான்தான் வண்டில ஏறினேன் தங்கச்சி" என்றார் மேஸ்திரி. "ஒருத்தர் விடாம வந்து நின்னாத்தான் கால எடுப்பேன்னு கத்துனியே. இறங்கி வந்துட்டேன்."